உழவு இயந்திர ரேடியேற்றரைக் கணினியில் சோதிப்பது: எந்த வழியில் இறங்கலாம்?

காலபோகத்துக்கான புழுதி உழவு தொடங்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களுக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: மெசின் கொதிக்குது. கொக்குவிலில் கராஜ் வைத்திருக்கும் ஓர் அண்ணை இதற்கு இரண்டு வைத்தியம் வைத்திருக்கிறார். ஒன்று, மூன்று வரிசைக் குழாய் உள்ள ரேடியேற்றர் கோரை, அதாவது காற்று ஊடுருவிப் போகும் நடுப்பகுதியை, கழற்றிவிட்டு நான்கு வரிசைக் கோர் போடுவது. மற்றது, கோரைத் தொடாமல் விசிறியைச் சுற்றித் தகரத்தில் ஒரு கூடு அடிப்பது. முதலாவதுக்குக் காசு கூட. இரண்டாவது ஒரு பின்னேர வேலை. "எது சரிவரும் எண்டு உங்கட கொம்பியூட்டர் சொல்லுமோ தம்பி?" என்று கேட்டார்.

சொல்லும். ஆனால் கணினியில் இதைச் செய்ய ஒரு வழி மட்டும் இல்லை. எந்த வழியை எடுப்பது என்பதுதான் உண்மையான முடிவு. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு வேலைக்கு இப்படி ஒரு தலைப்பை எடுத்தால் முதலில் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ஆகவே கராஜ்காரருக்கும் மாணவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உழவு இயந்திரத்தின் நிலைமை காரினது போன்றதல்ல. ஏ9 வீதியில் ஓடும் வானுக்கு ஓட்டத்தில் எதிர்ப்படும் காற்றே பெரிய உதவி. கலப்பையை இழுக்கும் மெசினோ மணிக்கு ஐந்து ஆறு கிலோமீற்றரில் ஊர்கிறது, எஞ்சின் முழுச் சுமையில் நிற்கிறது. ரேடியேற்றருக்குக் கிடைப்பதெல்லாம் விசிறி இழுக்கும் காற்று மட்டுமே. போதாததற்குச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று. அந்தக் காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக உழுதால், எஞ்சினைத் தாண்டி வெளியே போன சூட்டுக் காற்று சுற்றி வந்து மறுபடி அதே கோருக்குள் நுழையப் பார்க்கும். வயலின் ஒரு தலைப்புக்குப் போகும்போது சூட்டு ஊசி ஏறுவதும், திரும்பி வரும்போது இறங்குவதும் இதனால் நடக்கக்கூடும்.

முதல் வழி: கணக்குத் தாள்

எதையும் வரையாமல், மெஷ் (இடத்தைச் சின்னச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் வலை) போடாமல், எக்செல் தாளில் முடியும் வழி இது. வெப்பமாற்றிகளுக்கான விளைதிறன்–என்டியு (NTU, வெப்ப மாற்று அலகுகளின் எண்ணிக்கை) முறை என்று பாடத்தில் வரும். பலர் இதைப் பரீட்சைக்குப் பிறகு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதன்மேல் ஒரு தனி மதிப்பு உண்டு, அதனால் கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன். எண்கள் ஒரு மாதிரி மெசினுக்கு நான் எடுத்துக்கொண்டவை.

கோரின் முகம் 45க்கு 45 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ 0.2 சதுர மீற்றர். காற்று செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் நுழைகிறது. 35 பாகைக் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.146 கிலோகிராம், தன்வெப்பக் கொள்ளளவு 1007 யூல். இவற்றைப் பெருக்கினால், காற்று ஒரு பாகை சூடேறும்போது 923 வாற்றுக் கொண்டுபோகும் என்று வருகிறது. தண்ணீர் செக்கனுக்கு 0.8 கிலோ ஓடினால் அதன் எண் ஏறத்தாழ 3340. எஞ்சினிலிருந்து வரும் தண்ணீர் 95 பாகை, வெளிக்காற்று 35 பாகை, வித்தியாசம் 60. கோரின் மொத்த வெப்பக் கடத்துதிறனும் பாகைக்கு 923 வாற்று என்று வைத்தால், குறுக்குப் பாய்ச்சல் சூத்திரம் விளைதிறனை (கழியக்கூடிய உச்ச வெப்பத்தில் உண்மையில் கழியும் பங்கை) 0.58 என்று தரும். கழியும் வெப்பம் 32 கிலோவாற்று.

50 குதிரைவலு என்பது 37 கிலோவாற்று. டீசல் எஞ்சினில் குளிர்நீருக்குப் போகும் வெப்பம் பொதுவாகத் தண்டில் வரும் வலுவைவிடக் கொஞ்சம் குறைவு. 30 கிலோவாற்று என்று பிடிப்போம். கைவசம் 32, தேவை 30. புதிதாக இருக்கும்போது மெசின் மயிரிழையில் தப்புகிறது.

இனித்தான் தாளின் அருமை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதையே ரேடியேற்றருக்கும் ஊற்றினால் குழாய்க்குள் படிவு கட்டும். அரை மில்லிமீற்றர் படிவு என்றும், அதன் வெப்பக் கடத்தாறு மீற்றருக்கு, பாகைக்கு 2.5 வாற்று என்றும் வைத்துக் கணக்கிட்டால் 32 இறங்கி 30 ஆகிறது. வெப்பத் தடையில் பெரும்பங்கு காற்றுப் பக்கத்தில் இருப்பதால் படிவு பயந்த அளவுக்கு அடிக்கவில்லை. (குழாய் ஒடுங்கித் தண்ணீர் ஓட்டம் குறைவதை இதில் சேர்க்கவில்லை. இரண்டு மில்லிமீற்றர் அகலக் குழாயில் இரு பக்கமும் அரை மில்லிமீற்றர் கட்டினால் பாதி வழி அடைபட்டுப்போகும். கெடுதி உண்மையில் அங்கேதான். மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.) படிவு இல்லாமல், புழுதியும் சப்பியும் முன்பக்கத்தை அடைத்துக் காற்று கால்வாசி குறைந்தால்? 32 இறங்கி 27 ஆகிறது. தேவையான 30ஐக் கழிக்கத் தண்ணீர் 102 பாகைக்கு ஏற வேண்டும். அரை பார் அமுக்க மூடி நல்ல நிலையில் இருந்தால் தண்ணீர் 111 பாகைவரை கொதிக்காது. மூடியின் ரப்பர் போயிருந்தால் 100இலேயே கொதிக்கும். கோரை மாற்றுவதற்கு முன் மூடியை மாற்றச் சொல்லிப் பழைய மெக்கானிக்மார் சொல்வது வெறும் கஞ்சத்தனமல்ல.

சரி, நான்கு வரிசைக் கோர்? மேற்பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் காற்று கடக்க வேண்டிய தடிப்பும் கூடுவதால் அதே விசிறி இழுக்கும் காற்று குறையும். காற்று 10 வீதம் குறைந்தால் கழியும் வெப்பம் 34 கிலோவாற்று, இலாபம். 20 வீதம் குறைந்தால் மறுபடியும் 32, போட்ட காசு வீண். மறுபக்கத்தில், விசிறிக் கூடு அடித்து அதே மூன்று வரிசைக் கோருக்குக் காற்றை 15 வீதம் கூட்ட முடிந்தால் 35 வரும். புதிய கோர் தரக்கூடிய சிறந்த பலனைவிட அது கூட.

ஆகவே முழுக் கேள்வியும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது: காற்று எவ்வளவு மாறும்? தாள் கைவிடும் இடமும் இதுதான். விசிறிக்கும் கோருக்கும் எஞ்சின் கட்டைக்கும் நடுவில் காற்று எப்படி ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. கொடுக்கும் வேகத்தை நம்பிக்கொண்டு கணக்குப் போடும், அவ்வளவுதான்.

மறந்துவிட வேண்டிய வழி

சிஎஃப்டி (காற்று, தண்ணீர்ப் பாய்ச்சலைக் கணினியில் தீர்க்கும் முறை) என்றதும் பலருடைய மனதில் வரும் படம், முழு ரேடியேற்றரையும் குழாய்களுக்கிடையே உள்ள மெல்லிய தகடான ஒவ்வொரு ஃபின்னோடும் வரைந்து, காற்று, உலோகம், தண்ணீர் மூன்றையும் ஒன்றாகத் தீர்ப்பது. படம் அழகாக வரும் என்பதில் சந்தேகமில்லை. செலவைப் பாருங்கள்: 450க்கு 450 மில்லிமீற்றர் முகம், 50 மில்லிமீற்றர் தடிப்பு. ஃபின்களுக்கிடையே ஓடும் காற்றைப் பிடிக்க 0.1 மில்லிமீற்றர் செல் வைத்தால் கனமில்லிமீற்றருக்கு ஆயிரம் செல். மொத்தம் ஆயிரம் கோடி. பத்து இலட்சம் செல்லுக்கு ஒரு ஜிபி நினைவகம் என்று தாராளமாக விட்டாலும் பத்தாயிரம் ஜிபி வேண்டும். மடிக்கணினிக்கு மட்டுமல்ல, சாதாரண ஆய்வுகூடத்துக்கும் இது எட்டாது. யாராவது இறுதியாண்டுத் தலைப்பாக இதை எழுதிக்கொண்டு வந்தால் அன்புடன் திருப்பி அனுப்பலாம்.

ஒரு துண்டு ஃபின்

அதே நுணுக்கம் வேண்டும், ஆனால் செலவு கட்டுப்பட வேண்டும் என்றால், கோரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம்: ஒரு ஃபின் இடைவெளி, இரு குழாய்களுக்கிடையிலான தூரத்தில் பாதி, முழுத் தடிப்பு. 2க்கு 5க்கு 50 மில்லிமீற்றர் என்றால் ஐந்து இலட்சம் செல். முன்னும் பின்னும் காற்றுக்கு இடம் விட்டாலும் பத்து இலட்சத்துக்குள் நிற்கும். துண்டுக்கு அப்பாலும் இதே வடிவம் தொடர்வதாகக் கணினிக்குச் சொல்லும் சமச்சீர் எல்லை, காலமுறை எல்லை இரண்டையும் சரியாகப் போட்டால் 8 ஜிபி மடிக்கணினியிலும் ஓடும். ஃபின் இடைவெளியில் ரெயினோல்ட்ஸ் எண் (பாய்ச்சல் அடுக்காக ஓடுமா, கொந்தளிக்குமா என்று காட்டும் எண்) ஆயிரத்தைச் சுற்றியோ அதற்குக் கீழேயோ இருப்பதால், தொடக்கத்துக்குக் கொந்தளிப்பு மாதிரி எதுவும் இல்லாமல் அடுக்குப் பாய்ச்சலாகவே தீர்க்கலாம். வெட்டுக்கள் போட்ட லூவர் ஃபின் என்றால், 1997இல் சாங், வாங் ஆகியோர் வெளியிட்ட தொடர்புச் சூத்திரத்தோடு விடையை ஒப்பிட்டுப் பார்க்க வசதியும் உண்டு.

இந்த வழி நல்ல பதில் தரும் கேள்விகள் உண்டு. ஃபின் நெருக்கம் எவ்வளவு? வெட்டு இருக்கலாமா, தட்டையாக இருக்கலாமா? (வயலில் ஓடுவதற்குத் தட்டையும் ஐதும்தான் நல்லது, வெட்டு ஃபின்னில் தூசி பிடித்தால் ஊதி எடுப்பது பெரும்பாடு.) செம்பா, அலுமினியமா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கணினியே தேவையில்லை என்பது என் எண்ணம். 0.3 மில்லிமீற்றர் பித்தளைக் குழாய்ச் சுவரின் வெப்பத் தடை மொத்தத் தடையில் அரை வீதம்கூட இல்லை. செம்பின் கடத்தாறு 400ஐ ஒட்டி, அலுமினியத்தினது அதில் பாதியைச் சற்றுத் தாண்டும் என்றாலும், ஃபின் விளைதிறனில் அது சில வீத வித்தியாசம்தான். செம்பும் பித்தளையும் என்றால் ஓட்டையை இங்கேயே ஈயம் பற்றவைத்து அடைக்கலாம். உலையில் ஒட்டிய அலுமினியக் கோரில் அது நடக்காது. தீர்மானிக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

ஆனால் நம்முடைய கேள்விக்கு இந்தத் துண்டு நேரடியாகப் பதில் சொல்லாது. நுழையும் காற்றின் வேகத்தை இங்கேயும் நாம்தான் கொடுக்கிறோம். இதிலிருந்து கிடைப்பது, எந்த வேகத்துக்கு எவ்வளவு அமுக்க வீழ்ச்சி என்ற வளைகோடு. அடுத்த வழிக்கு அது வேண்டும்.

கோரைப் பெட்டியாக்குவது

கோர் இருக்கும் இடத்தில் வெறும் பெட்டி ஒன்றை வைக்கிறோம். அதற்குள் ஃபின் இல்லை, குழாய் இல்லை. காற்றுக்கு எதிர்ப்புக் கொடுக்கும், வெப்பம் சேர்க்கும், அவ்வளவே. நுண்துளை ஊடக மாதிரி என்பது இதன் பெயர். 1856இல் பிரான்சின் டிஜோன் நகரத் தண்ணீர் வேலைகளோடு சேர்த்து மணலூடாகத் தண்ணீர் இறங்குவதை ஆராய்ந்த ஹென்றி டார்சி, அமுக்க வீழ்ச்சி வேகத்துக்கு நேர் விகிதம் என்றார். 1901இல் ஃபோர்ச்ஹைமர் வேகத்தின் வர்க்கத்துக்கான உறுப்பைச் சேர்த்தார். ரேடியேற்றருக்கு இரண்டும் வேண்டும்.

செய்முறை இப்படி. கோருக்குக் குறுக்கே நாலைந்து வேகங்களில் அமுக்க வீழ்ச்சி தெரிய வேண்டும். அதற்கு வேகம், வேகத்தின் வர்க்கம் என்ற இரண்டு உறுப்புக் கோவையைப் பொருத்த வேண்டும். முதல் எண்ணைக் காற்றின் பாகுமையாலும் கோரின் தடிப்பாலும் வகுத்தால் டார்சிக் குணகம். இரண்டாம் எண்ணை இரண்டால் பெருக்கி, அடர்த்தியாலும் தடிப்பாலும் வகுத்தால் ஃபோர்ச்ஹைமர் குணகம். அந்த இரண்டால் பெருக்குவதை மறந்தால் வர்க்க எதிர்ப்பு பாதியாகிவிடும், கணினி எந்த எச்சரிக்கையும் தராது. ஃபின்கள் காற்றைப் பக்கவாட்டில் போக விடாததால் மற்றத் திசைகளுக்கு நூறு முதல் ஆயிரம் மடங்கு எதிர்ப்பு வைப்பது வழக்கம். வெப்பத்துக்கு, முதல் வழியில் போட்ட விளைதிறன் அட்டவணையையே கொடுக்கலாம். அப்படி ஓர் அட்டவணையை வாங்கிக் கோருக்குள் வெப்பத்தைப் பரப்பும் வசதி ஓப்பின்ஃபோம் என்ற மென்பொருளில் உண்டு. அன்சிஸ் ஃபுளுவென்ட் என்ற மென்பொருளிலும் தனி வெப்பமாற்றி மாதிரிகள் இருக்கின்றன. கோர் இவ்வளவு மலிவாகிவிட்டதால், மிச்சமுள்ள செல் முழுவதையும் விசிறி, கூடு, பொனெட், எஞ்சின் கட்டை, வெளிக்காற்று ஆகியவற்றுக்குச் செலவழிக்கலாம். முப்பது நாற்பது இலட்சம் செல், 16 ஜிபி மடிக்கணினி, இரவு ஓடவிட்டுக் காலையில் பார்க்கும் அளவு வேலை. வெளிப் பாய்ச்சலுக்கு மென்டர் 1994இல் கொடுத்த கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாதிரி போதும்.

விசிறியை எப்படிக் காட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். சுலபமான வழி, விசிறி இருக்கும் இடத்தில் ஒரு மெல்லிய தட்டு வைத்து, விசிறி வளைகோட்டின்படி (எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு அமுக்கம் என்ற கோடு) அமுக்கத்தைக் கூட்டுவது. கோரை மாற்றும் கேள்விக்கு அது போதும். கூடு அடிக்கும் கேள்விக்குப் போதாது, ஏனென்றால் கூடு வந்ததும் அந்த வளைகோடே மாறிவிடும்: இறக்கையின் நுனிக்கும் தகரத்துக்கும் உள்ள இடைவெளியில் எவ்வளவு காற்று பின்னோக்கி நழுவுகிறது என்பதில்தான் கூட்டின் பலன் தங்கியிருக்கிறது. ஆகவே இறக்கைகளை உண்மை வடிவில் வரைந்து, சுழலும் சட்டக முறையில் (இறக்கையை அசைக்காமல், அதோடு சுழலும் சட்டகத்திலிருந்து காற்றைக் கணக்கிடுவது) தீர்க்க வேண்டும். இறக்கைகள் உண்மையிலேயே சுழலும்படி காலப்போக்கில் தீர்ப்பது இன்னும் துல்லியம், ஆனால் பல மடங்கு நேரம் தின்னும். இரண்டு வடிவங்களை ஒப்பிடும் வேலைக்கு அது தேவையில்லை.

இந்த வழியில்தான் நாம் தேடும் எண் கிடைக்கும். அதோடு ஒரு படமும் கிடைக்கும்: கோரின் முகத்தில் எங்கே காற்று பாய்கிறது, எங்கே தேங்குகிறது என்பது. 40 சென்ரிமீற்றர் விசிறி 45 சென்ரிமீற்றர்ச் சதுரத்தில் 62 வீதத்தைத்தான் மூடும். கூடு இல்லாவிட்டால் நான்கு மூலைகளுக்கும் போகும் காற்று சொற்பம், விசிறியின் நடுக் குமிழுக்கு முன்னாலும் அப்படியே. அந்த இடங்களில் நான்காவது வரிசைக் குழாய் போட்டு என்ன பயன்? சூட்டுக் காற்று பொனெட்டின் இடுக்குகளால் முன்பக்கம் திரும்புவதையும் இதில் பார்க்கலாம். சோளகத்தை முதுகில் ஒரு முறை, முகத்தில் ஒரு முறை வைத்து ஓட்டிப் பார்த்தால் போதும்.

மென்பொருள்

இதில் அதிகம் மினக்கெட வேண்டாம். ஓப்பின்ஃபோம் 2004 முதல் திறந்த மூலம். காசில்லை, செல் வரம்பில்லை, கராஜ்காரருக்குக் கணக்கெழுதிக் கொடுத்தாலும் உரிமப் பிரச்சினையில்லை. ஆனால் லினக்ஸ் பழக வேண்டும், பிழைச் செய்திகள் மனிதருக்காக எழுதப்பட்டவை போல இராது. அன்சிஸ் மாணவர் பதிப்பு கைக்கு இலகு, மெஷ் போடுவது நிம்மதி. செல் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வணிக வேலைக்கு விடமாட்டார்கள். சிம்ஸ்கேல் போன்ற இணையவழிச் சேவைகளில் இலவசக் கணக்கு எடுத்தால் வேலை எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும், இணையம் இழுபடும் நாளில் ஒன்றும் நடக்காது. ஃபின் துண்டை மாணவர் பதிப்பிலும், பெட்டி மாதிரியை ஓப்பின்ஃபோமிலும் செய்வது எனக்குப் பிடித்த பிரிவினை.

அளக்காமல் ஒன்றும் சரிவராது

இதைத் தனி வழி என்று எண்ணாமல் எல்லா வழிக்கும் சாவி என்று எண்ணுங்கள். கையில் பிடிக்கும் சின்னக் காற்றுவேகமானி ஒன்று, தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் விட்டு வளைத்த அமுக்கமானி ஒன்று, இரண்டு வெப்பமானி. ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் 9.8 பாஸ்கல். கோருக்குக் குறுக்கே 100 பாஸ்கல் விழுந்தால் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சிறிய எண்களுக்குக் குழாயைச் சரித்து வைத்தால் நீளம் கூடித் தெரியும். கோரின் முகத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து, எஞ்சினை உழும் சுற்றில் ஓடவிட்டு, கட்டம் கட்டமாக வேகத்தைக் குறித்துக்கொள்ளலாம். அந்த ஒன்பது எண்களோடும் பெட்டி மாதிரி ஒத்துப்போகாவிட்டால் கூட்டையோ புதுக் கோரையோ அதில் ஓட்டுவது வீண். இன்னொரு சோதனை: தண்ணீர் இழந்த வெப்பமும் காற்று பெற்ற வெப்பமும் கணினியிலும் மெசினிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மெஷ்ஷை மூன்று அளவில் போட்டு விடை அசையாததைப் பார்ப்பதும் கட்டாயம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்டின் காரை ஓடவைத்த ஊர் இது. அந்தக் கைகளுக்கு அமுக்கமானி செய்வது பெரிய வேலையல்ல. கணினிப் பிள்ளைகள்தான் கராஜுக்குள் இறங்கத் தயங்குகிறார்கள்.

என்னுடைய தெரிவு

கொக்குவில் அண்ணைக்கு நான் சொன்னது: கணக்குத் தாள் முதலில், அளவை அடுத்து, பெட்டி மாதிரி மூன்றாவது. ஃபின் துண்டு வேண்டாம், அமுக்க வீழ்ச்சியை அவருடைய கோரிலேயே நேரடியாக அளக்கலாம். பெட்டி மாதிரியில் மூன்று ஓட்டம்: இப்போதிருக்கும் நிலை, கூட்டோடு, நான்கு வரிசைக் கோரோடு. கூடு காற்றை 15 வீதமளவுக்கு உயர்த்தினால் பேச்சுக்கு இடமில்லை, தகரத்தை வெட்ட வேண்டியதுதான். ஐந்து வீதம்தான் உயர்கிறது, புதுக் கோரில் காற்று இழப்போ பத்து வீதத்துக்குள் நிற்கிறது என்றால் கோருக்குக் காசைப் போடலாம். இரண்டும் இல்லையென்றால் பெரிய விசிறி, அல்லது அதைச் சுற்றும் கப்பியின் விட்டத்தை மாற்றுவது என்ற நாலாவது ஓட்டத்துக்குப் போக வேண்டும்.

ஃபின் தகட்டை இங்கேயே அடித்து விற்கப் போகிறேன் என்று ஒருவர் வந்தால் என் வரிசை மாறும். அவருக்கு ஃபின் துண்டுதான் முதல் வேலை, அச்சு வெட்டுவதற்கு முன்பே. ஏசி பூட்டிய வானுக்கும் மாறும். அங்கே ரேடியேற்றருக்கு முன்னால் கண்டென்சர் நிற்பதால் பெட்டி இரண்டு வேண்டும், முதல் பெட்டி காற்றைச் சூடாக்கித்தான் இரண்டாவதுக்கு விடும். மாணவர் யாராவது இந்த வேலையை எடுப்பதானால் மார்கழி, தையில் கராஜில் அளவைகளை முடித்து வைப்பது நல்லது. ஆடி பிறந்துவிட்டால் ஒரு மெசினும் உங்களுக்காக நின்று கொடுக்காது.